மூன்றாவது வரிசை

மருத்துவக் கல்வியில் இனிக் கண்டுபிடிக்க எதுவும் பாக்கியில்லை. அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர் ஒரு நோயாளியின் வயிற்றில் கையை வைத்தபடி நாற்பது மாணவர்களுக்கு இதை அறிவித்தார். தான் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் கல்லீரல் எங்கே இருக்கிறதென்று ஆயுசுக்கும் மறக்காது என்றார். நோயாளி சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொடுத்தார்.

கட்டிலைச் சுற்றி மூன்று வரிசை. மூன்றாவது வரிசைக்குத் தெரிந்தது இரண்டாவது வரிசையின் முதுகு. அதற்கும் பின்னால், ஜன்னலோரம், ஒப்பந்தத்தில் இருந்த உதவி ஆசிரியை நின்றபடியே தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கோடு. மூன்று மாதமாகியும் மூன்றாவது வரிசைக்கு நேரே ஒரு கோடுகூட விழவில்லை.

கற்பிப்பதைப் பற்றி ஆசிரியர்களே ஆராய வேண்டும் என்று கல்லூரி முதல்வர் சுற்றறிக்கை விட்டிருந்தார். செய்தால் பதவி உயர்வில் மதிப்பெண். ஒப்பந்தக்காரர்களுக்கு இன்னொரு வருட வேலை. விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

வியாழன் மதியம் அவள் விண்ணப்பத்தையும் கோடு போட்ட தாள்களையும் அவர் மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது, ஆடு மேய்க்கிற கணக்கா?"

"யாரு தொட்டுப் பாத்தாங்க, யாரு பாக்கலன்னு எண்ணியிருக்கேன் சார்."

"எண்றதுக்கா இவ்வளவு படிச்ச? அதுக்குத்தான் வாசல்ல வாட்ச்மேன் இருக்கானே."

அறையிலிருந்த மற்ற பேராசிரியர்கள் சிரித்தார்கள். கையெழுத்து ஆகவில்லையே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் வெளியூரில் ஒரு மாநாட்டில் இருந்தார்.

மாதக் கடைசியில் அவள் அலமாரிச் சாவியை ஒப்படைத்தாள். தாள்களைக் கேட்டதற்கு, எங்கே வைத்தேனோ, தேட வேண்டும் என்றார் துறைத் தலைவர். வார்டு ஆயா மாடிப்படி வரை கூடவே வந்தாள்.

"மூணு மாசமும் நின்னுக்கிட்டே இருந்தீங்க டாக்டரம்மா. ஒரு ஸ்டூல் கேட்டுப் பாத்தேன். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாதுன்னுட்டாங்க."

அடுத்த மாதம் துணை முதல்வர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். துறைத் தலைவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கல்வி ஆராய்ச்சி என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாக நின்றது.

திங்கட்கிழமை வகுப்பை வேறொருவர் எடுத்தார். துறைத் தலைவர் ஜன்னலோரம் போய் நின்றார். முதுகுகள் மறைத்தன, எக்கிப் பார்த்தார். கேட்காமலே ஆயா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்து, மடியில் கோடு போட்ட பழைய தாளை விரித்தார். கவனித்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர்மேல் பூசிய வெள்ளை மை இன்னும் காயவில்லை. அதை மெல்ல ஊதிக்கொண்டே, தொட்டவர்களை எண்ணத் தொடங்கினார்.