கேட்டைத் தாண்டாத கிடா

கேரி தீவில் ஆடு வளர்ப்பவர்களிடம் விஷ்ணுப்ரியா கேட்ட இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எல்லோரும் யோசித்துப் பதில் சொன்னார்கள். "உங்க கிடா வேற பட்டிக்குப் போவுமா?"

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார் ஓட்டி வந்த கால்நடை மருத்துவர் அவள். ஆடுகளின் உதட்டில் கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் வைரஸ் எத்தனை பட்டிகளில் இருக்கிறது, எதனால் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

தம்புசாமி மட்டும் யோசிக்கவே இல்லை. "என் கிடா கேட்டைத் தாண்டாது டாக்டர்."

எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் டத்தோ என்ற பட்டத்தையே கிடாவுக்குப் பெயராக வைத்திருந்தார். அதன் உதட்டோரம் இரண்டு கொப்புளங்கள் இருந்தன. விஷ்ணுப்ரியா ரத்தம் எடுத்துவிட்டு, எடுத்ததற்கு அடையாளமாக அதன் நெற்றியில் நீலச் சாயத்தால் கோடு போட்டாள்.

"அடுத்து எங்க டாக்டர்?" என்றாள் அவர் மனைவி புனிதா.

"ராதாகிருஷ்ணன்னு ஒருத்தர் பட்டிக்கு. சாப்பிட்டுட்டுப் போறேன்."

புனிதாவுக்கு இருமல் வந்தது. ராதாகிருஷ்ணன் அவளுடைய அண்ணன். அவர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதிலிருந்து, ஆறு வருடமாகத் தம்புசாமி அவரோடு பேசுவதில்லை.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நான் கிள்ளான் டவுனுக்குப் போவணும்," என்று தம்புசாமி மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

மதியம் ராதாகிருஷ்ணனின் பட்டியில், பெட்டை ஆடுகளுக்கு நடுவே ஒரு கிடா தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றது.

"வெயில் ஒத்துக்கல டாக்டர். தலைவலி," என்றார் ராதாகிருஷ்ணன்.

விஷ்ணுப்ரியா மெல்ல, "டத்தோ," என்று கூப்பிட்டாள்.

கிடா திரும்பியது. துண்டு நழுவியது. நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

ராதாகிருஷ்ணன் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "பெட்டைங்களோட சேரட்டும்னு தங்கச்சிதான் லோரியில அனுப்பிவிடுவா. மாப்பிள்ளை கிள்ளானுக்குப் போற அன்னிக்கு மட்டும்தான். அவருக்குத் தெரிஞ்சா அவ தொலைஞ்சா."

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள், இரண்டு வாரத்தில், இரண்டு பட்டியிலும் குட்டிகளுக்குக்கூட வாய்ப்புண் வந்துவிட்டது. விஷ்ணுப்ரியா மறுபடி தம்புசாமியிடம் போனாள். புனிதாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

"டத்தோ எப்படியோ வெளிய போயிருக்கு அங்கிள்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

தம்புசாமி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மச்சான் பட்டிக்குத்தானே? நாலு வருஷமாப் போவுது."

"அப்ப ஏன் கேட்டைத் தாண்டாதுன்னு சொன்னீங்க?"

"புனிதா பக்கத்துல நின்னாளே. செவ்வாய்க்கிழமையானா கிள்ளான்ல எனக்கு என்ன வேலைன்னு நெனச்சீங்க? கடையில சும்மா உக்காந்திருப்பேன். நான் வீட்டுல இருந்தா அது எப்படிப் போவும்?"

விஷ்ணுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். புண் ஆறி, பொருக்கு உதிரும்வரை, ஒரு மாதமாவது கிடா ஒரே இடத்தில் தனியாக இருக்க வேண்டும். நோய் மனிதர் கையிலும் தொற்றும் என்பதால் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

"மச்சான் பட்டியில தனிக் கொட்டாய் இருக்கு. அங்கயே இருக்கட்டும். ஆனா அவருக்கு மருந்து போடத் தெரியாது." தம்புசாமி மோவாயைச் சொறிந்தார். "நான் தினமும் போய்ப் பாக்கணும்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க டாக்டர். டாக்டர் உத்தரவுன்னா நான் என்ன பண்ண முடியும்?"

அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"அங்க தேத்தண்ணி குடிக்கலாம்னும் போட்டுடுங்க. மச்சான் வற்புறுத்துவாரு."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு குடிக்கலாம் என்று விஷ்ணுப்ரியா கீழே சேர்த்தாள்.