அக்கா பட்டது

அக்காவின் கல்லறைக் கல்லில் ‘பாடுகள் பட்டாள்’ என்று பொறிக்கச் சொன்னது நான்தான். ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தவள். ஆரம்பத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் எழுந்து நடமாடியிருப்பாள். இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தியவர் அத்தான். நாலு பேர் எதிரில் அவரைத் திட்ட முடியாது, கல்லாவது திட்டட்டும் என்று நினைத்தேன். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் நடத்துகிறவளுக்கு இந்தப் புத்தி!

பட்டறையில் கல் வெட்டுகிறவர் அந்த வரியைச் சாக்பீஸால் கல்லில் எழுதிக் காட்டினார். அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது வேதத்துல வர்ற வார்த்தைதானே? மூலத்துல என்னம்மா அர்த்தம்?”

‘துன்பம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. முதல் வருடப் பிள்ளைகளிடம்கூடப் பாதி அர்த்தம் சொல்லி நழுவியதில்லை நான். பாழாய்ப்போன பழக்கம்.

“பாஸ்கோன்னு ஒரு வினைச்சொல், அத்தான். நம்ம மேல எது வந்து படுதோ, அது. வேதத்துல பெரும்பாலும் துன்பம்தான். ஒரு நிருபத்துல மட்டும், நல்லது பட்டதைச் சொல்லுதோன்னு இன்னிக்கும் சண்டை. நம்ம ‘படு’ மாதிரிதான். கஷ்டமும் படுவோம், சந்தோஷமும் படுவோம்.”

“ரெண்டுக்கும் ஒரே சொல்லா? சரியான கஞ்சப் பாஷையா இருக்கே!” என்றார் கல் வெட்டுகிறவர்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “என்னைக் கட்டிக்கிட்டு அவ ஒரு நாளாவது சந்தோஷப்பட்டாளா? உங்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவா.”

சொன்னாள்தான். தினமும் காலையில் அத்தான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுவார். போனில் அவள் அந்தக் கதையை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். பேச்சை மாற்றிவிடுவேன்.

“நீங்க எடுக்கிற வகிடு நேரா காதுல போய் முடியும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, அத்தான். இந்த மனுஷன் வந்து சீப்பை எடுத்தாத்தான் எனக்குப் பொழுதே விடியுதுன்னுவா.”

மெருகு போடாத கல் ஒன்றின்மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

“என்னாலதான் இப்படிக் கிடக்கான்னு, ஆறு வருஷமா அவ முகத்தைப் பார்க்கவே பயந்தேன். நீ அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“கோபப்பட்டேன், அத்தான்” என்றேன். “வேற யார் மேல படறதுன்னு தெரியல.”

கல் வெட்டுகிறவரிடம் ஈரத்துணி கேட்டு வாங்கி, அந்த வரியை நானே அழித்தேன்.