ஆறு வெள்ளைச் சட்டைகள்

"காலர்ல அழுக்கே இல்லையே. இந்தச் சட்டையப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன். எங்க ஆபீஸ்ல ஃபேன் இருக்கு."

இரண்டு வருடத்துக்கு முன்பு, அப்பாவின் சலவைக்கடையில் தான் கேட்ட கேள்வியையும் வந்தவன் சொன்ன பதிலையும் சந்திரமதி மறக்கவில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் தனசேகரனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். அன்றும் சிவந்தது. முந்தின வாரம் அவள் இஸ்திரி போட்டு மடித்த மடிப்பு, சட்டையின் முதுகில் கலையாமல் இருந்தது. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மறுபடி துவைத்து, மறுபடி கஞ்சி போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு புதன்தோறும் இதே கதைதான். எதையோ கேட்க வாயெடுப்பான். "அப்ப, அடுத்த புதன் வரட்டுமா?" என்று முடித்துக்கொண்டு போய்விடுவான்.

ஐம்பத்து நான்காம் வருட டிசம்பர் மழையில், புதன் அல்லாத ஒரு நாள், தொப்பலாக நனைந்து வந்து நின்றான். கையில், நனையாமல் எண்ணெய்த்தாளில் சுற்றிய ஆறு சட்டைகள்.

"பினாங்குக்கு மாத்திட்டாங்க. திங்கக்கிழமை கப்பல்" என்றான் அவளிடம். அவள் சட்டைகளை வாங்கி அழுக்குத் துணிகளோடு வைத்தாள். அவன் அதற்குள் அவள் அப்பா வடிவேலுவிடம் திரும்பிவிட்டான். "ஐயா, நாலு மணிக்குப் பெரிய கடல் ஏத்தம். மழைத்தண்ணி கடலுக்குள்ள இறங்காது, கால்வாய் பொங்கி இங்கதான் வரும். துணிய மேல ஏத்திருங்க."

"ரேடியோவுல ஒண்ணும் சொல்லலையே தம்பி?"

"ரேடியோவுக்கு முன்னாடி எங்க ஆபீஸ் அட்டவணையில வந்துரும்."

சிராங்கூன் சாலையை ஒட்டி, கடை இருந்த சந்து பரபரத்தது. எதிர்க்கடை ஹனீபா அரிசி மூட்டைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டே, "அண்ணே, அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊத்தி வச்சுக்கங்க லா. கரண்டு போனா உங்க புது இஸ்திரிப்பெட்டி வெறும் இரும்புதான்" என்று கத்தினார்.

"என் மக கரிப்பெட்டிய இன்னும் தூக்கிப் போடல, பாய்" என்றார் வடிவேலு.

தனசேகரன் சட்டைக்கையை மடித்துவிட்டு ஏணியில் ஏறினான். சந்திரமதி மூட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிப் பரணில் அடுக்கினான். கல்யாணப் புடவைகள், நர்சுகளின் சீருடைகள், ஊராரின் வேட்டிகள். ஒவ்வொரு மூட்டைக்கும் அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது கேட்பானா?

"பினாங்குல நல்ல சலவைக்கடை இருக்கும்" என்றாள்.

"இருக்கும். எனக்குப் பிடிக்காது."

அவ்வளவுதான். அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினான்.

நாலு மணிக்கு முன்பே மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. கடைசி மூட்டைகளை அள்ளிப் போட்ட அவசரத்தில், வெளுத்ததும் அழுக்கும் பரணில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

கணுக்கால் வரை ஏறிய தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. "இதுக்கு மேல ஏறாது. இனிமே வத்தம்தான்" என்றான் தனசேகரன், ஏணியில் நின்றபடி. வடிவேலுவுக்கு உயிர் வந்தது. இஸ்திரி மேசைமேல் மகளோடு ஏறி உட்கார்ந்தார். "மேல கலந்து கிடக்கறத எடுத்துக் குடுங்க தம்பி, பிரிச்சு வைப்போம்" என்று விளக்கைத் தூண்டினார்.

ஒவ்வொரு துணியாகக் காலரைப் பார்த்துப் பிரித்தார். ஒரு வெள்ளைச் சட்டையை வெளுத்த பக்கம் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். ஆறாவதில் கை நின்றது. காலருக்குள் இருந்த குறியை விளக்கருகே பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"தம்பி, இது உங்க குறிதான? இன்னிக்குத்தான வெளுக்கப் போட்டீங்க?"

"ஆமாங்க ஐயா."

"ஆறும் வெளுத்த சட்டை. ஆறும் என் மக மடிச்ச மடிப்பு. என்ன சங்கதி இது?"

ஓடிப்போகலாமென்றால் தெருவில் முழங்கால் ஆழம். விளக்கு வெளிச்சத்தில்கூட அவன் காது சிவந்தது தெரிந்தது. அவன் சந்திரமதியைப் பார்த்தான்.

"ஆபீஸ்ல ஃபேன் இருக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள் அவள் மெதுவாக.

தனசேகரன் ஏணியிலிருந்து இறங்கினான். தண்ணீருக்குள் கால் ஊன்றி, வடிவேலுவின் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, சந்திரமதிய எனக்குக் கட்டிக் குடுங்க."