முகம் தெரியாதவளுக்கு ஒரு கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி தனியாகப் போகவிருந்த கரீபியன் தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலைதான் இருந்தது. பஸ் எந்தப் பக்கமாகச் சுற்றும் என்ற கேள்வி அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

“அது தெரிஞ்சு என்னடி ஆகப்போகுது? அங்க போய் யார்கூடப் பேசுவே?” என்றாள் அக்கா.

கடைக்காரி, தான் தங்கப்போகும் விடுதிக்கே போன் போட்டாள். விடுதிக்காரி சிரித்துவிட்டு, அது டிரைவரின் இஷ்டம் என்றாள். பிறகு பேச்சு வளர்ந்தது. இவள் தொழிலைக் கேட்டதும் விடுதிக்காரி, தன் கண்ணாடி உடைந்து மூன்று மாதமாகிறது என்று சொல்லி, பவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

போனை வைத்தவள் பிரேம் தட்டை இழுத்தாள். “முகத்தைப் பார்க்காமலே பிரேம் எடுக்கணும்க்கா.”

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “குரல் எப்படி இருந்துச்சு?”