நான்கு படங்களுக்கு இடையே கஜனி

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. எழுத உட்கார்ந்தபோது கோபம் ஆறிவிட்டது, களைப்புத்தான் மிச்சம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் நண்பர் குலசேகரத்தின் மகள் கஜனி, பாரிசுக்கு வெளியே ஓர் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் துணைப் பயிற்றுநர். (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, மோதி விழுகிற ஆட்டம். விதிகள் எனக்கும் விளங்காது. நீங்களும் கவலைப்பட வேண்டாம்.) அணியின் பெயரை எழுத மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "இவ்வணியின் தலைமைப் பயிற்றுநர் வரலாறு வீரமும் தியாகமும் நிறைந்த—"

வேண்டாம். விழா மலர் வாடை அடிக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன். முதலாமவர் அமெரிக்கர். மனைவிக்குப் பாரிஸ் பிடிக்கவில்லை, போய்விட்டார். இரண்டாமவரும் அமெரிக்கர், கத்திக் கத்தியே தொண்டையையும் வேலையையும் இழந்தார். மூன்றாமவர் பிரெஞ்சுக்காரர்; திரையில் படம் போட்டு விளக்குவதிலேயே காலத்தைக் கழித்தார். நான்காமவரைப் போன வாரம் அனுப்பிவிட்டார்கள். நால்வர் படமும் கிளப் சுவரில் தொங்குகிறது. ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை ஒவ்வொரு முறையும் அணியை நடத்தியவள் கஜனி. அப்போதெல்லாம் தோற்றதைவிட வென்றதே அதிகம். ஆனாலும் அவள் படம் இல்லை.*

* தற்காலிகப் பொறுப்புக்குப் படம் மாட்டுவதில்லையாம். அது யார் போட்ட விதி என்று கேட்டேன். கஜனி சிரித்துவிட்டு எழுந்துபோனாள்.

3

இங்கே குலசேகரம் வரவேண்டும். அவரை வைத்துக் கொஞ்சம் சிரிப்புக் காட்டலாமா என்று யோசித்தேன், மனம் வரவில்லை. மகள் முதல் தடவை பொறுப்பேற்றபோது 'தலைமைப் பயிற்றுநர் கஜனிக்கு வாழ்த்துகள்' என்று பெரிய போஸ்டர் அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார், ஓர் அரங்கேற்ற அறிவித்தலுக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவில். ஒரு மாதத்தில் புதியவர் வந்துவிட்டார். தானே அதை உரித்தெடுத்தார். அடுத்த தடவைகளில், "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை," என்றார்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி மரக்கறி வாங்க வருகிற சனம் இன்னமும் கேட்கிறது: "அண்ணை, மகள் இப்பவும் பெரிய கோச்தானோ?"

"ஓம், ஓம்," என்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

4

இப்போது அந்த இடம் மறுபடி காலி. மறுபடியும் அவளைத்தான் கேட்பார்கள். ஆகவே முடிவுகள்.

முடிவு அ: கஜனி மறுத்துவிட்டு வெளியேறுகிறாள். (வாசித்துக் காட்டினேன். "வெளியேறி எங்கை போறது மாமா? எனக்கு இந்த வேலைதான் விருப்பம்.")

முடிவு ஆ: அவளையே நிரந்தரமாக நியமிக்கிறார்கள். ("கதை எழுதி உங்களுக்கு அலுத்துப்போச்சுது போல.")

முடிவு இ: அவள் மறுபடியும் ஒப்புக்கொண்டு

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. கடையின் பின்னறையில் நானும் கஜனியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கிளப் தலைவர் தியரி அழைத்தார். கஜனி பிரெஞ்சில் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "எவ்வளவு காலத்துக்கு?" பதில் வந்ததும், எங்கள் பேச்சு அங்கே கேட்காதபடி அழுத்திவிட்டு, போனை மேசையில் வைத்தாள்.

"என்னவாம்?"

"வேறை ஆள் கிடைக்கிற வரைக்குமாம்." கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குக் களைச்சுப்போச்சுது மாமா. அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது? நீங்கள்தானே எழுதுறியள், நீங்களே சொல்லுங்கோ. ஓமோ, இல்லையோ?"

5

ஓம் என்றால் இன்னொருவர் படத்துக்குச் சுவரைத் துடைத்துக் கொடுக்கிறாள். இல்லை என்றால் அவள் விரும்பிய ஒரே வேலையும் போகலாம்.

தியரி இன்னும் காத்திருக்கிறார். இந்த முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன், வாசகரே. தற்காலிகமாகத்தான். வேறு ஆள் கிடைக்கும் வரை.