வாத்து என்று அழைக்கக் கூடாது

இங்கிலாந்தின் பீங்கான் ஆலை ஊரான பர்ஸ்லெமில் நாங்கள் ஒருவரையொருவர் அன்பாக 'வாத்து' என்றுதான் அழைப்போம். பஸ் ஓட்டுநர் பாதிரியாரை அப்படி அழைப்பார், கசாப்புக் கடைக்காரர் நீதிபதியை அழைப்பார். ஆண் பெண் வித்தியாசமோ வயது வித்தியாசமோ அதற்குக் கிடையாது. நானும் அந்த அழைப்பைக் கேட்டு வளர்ந்தவள்தான். லண்டனில் பயிற்சி வகுப்புக்குப் போன முதல் நாள் அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்தது. வகுப்பே சிரித்தது. அதன்பின் பதினொரு வருடம் நான் அதைச் சொல்லவில்லை.

பிறகு மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளினிக்கின் மேலாளராக ஊருக்குத் திரும்பி வந்தேன். வரவேற்பு ஜன்னலில் தெல்மா இருந்தாள். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. "வா வாத்தே, என்ன செய்யுது?" என்று அவள் கேட்டால், வந்தவருக்குப் பாதி வலி குறைந்துவிடும்.

அந்த வசந்தத்தில் பென்ஃபோல்ட் என்பவரிடமிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. தென்கடற்கரை ஊர்க்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி இறந்தபின் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தவர். அகராதியைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். வாத்து என்றால் குளத்தில் நீந்தும் பறவை. கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்காமல் வெளியேறுவதும் வாத்து. நொண்டி வாத்து என்றால் ஒன்றுக்கும் உதவாத ஆள். உட்கார்ந்திருக்கும் வாத்து என்றால் யாரும் சுலபமாகச் சுட்டுவிடக்கூடியவன். 'இவற்றில் நான் எது என்பதைத் தங்கள் பணியாளர் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்' என்று முடித்திருந்தார்.

அவரை அழைத்து ஒரு கோப்பை தேநீர் கொடுத்து எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. லண்டனில் கேட்ட சிரிப்பு அந்தக் கடிதத்துக்குள்ளிருந்து மறுபடி கேட்டது. இனி நோயாளிகளை அப்படி அழைக்கக் கூடாது என்று தட்டச்சு செய்து ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டினேன்.

தெல்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"அம்பது வருசமா ஒரே தடத்துல ஓடுற வாய் இது. திடீர்னு திருப்பினா தடுக்கி விழுந்துடுமே?"

விழுந்தால் எழுத்தில் எச்சரிக்கை வரும் என்றேன். மூன்றாவது தடவை வேலை இருக்காது என்றும் சொன்னேன். அவள் கணவர் பீங்கான் ஆலைத் தூசியில் நுரையீரல் கெட்டு வீட்டோடு இருந்தார் என்பதும், அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

முதல் வாரத்திலேயே இரண்டு தடவை தடுக்கினாள். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களையும் நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் வாய் தடுக்கி விழவில்லை. "வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று எல்லாரிடமும் கேட்டாள். ரயில் நிலைய அறிவிப்பு போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அயலாரை நேசிப்பது பற்றிப் போதகர் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பென்ஃபோல்ட் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். தொப்பியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவருடைய பரிசோதனை முடிவு என் மேஜை வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. நல்ல செய்தி இல்லை. ஜன்னல் முன்னால் வந்து நின்றார், எதற்கு வந்தோம் என்பதே மறந்தவர் போல.

"தயவுசெய்து அமருங்கள், ஐயா" என்றாள் தெல்மா.

அவர் உட்காரவில்லை. மெதுவாக, "முன்னால வேற மாதிரி கூப்பிடுவீங்களே" என்றார்.

தெல்மா தலையைத் திருப்பி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். துவண்டு நிற்கும் ஒரு மனிதரிடம் அன்பாக ஒரு வார்த்தை பேச அவள் என்னிடம் அனுமதி கேட்டாள்.

நான் மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

அதுதான் நான் செய்தது. தலையசைத்திருந்தால் போதும். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். தெல்மா அடுத்த நோயாளியின் பெயரை அறிவித்தாள்.

அன்று நான் வீட்டில் ஜெபம் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் அறிவிப்பைக் கிழித்தேன், இரண்டு எச்சரிக்கைகளையும் அவள் கோப்பிலிருந்து எடுத்தேன், தவறு என்னுடையது என்றேன். தெல்மா நான் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

"சரி, மிசஸ் மேச்சின். போகட்டும். ஆனா எனக்கு ஒண்ணு வேணும். இனி செவ்வாய்க்கிழமை காலையில நான் வர மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"அந்த மனுசனுக்கு செவ்வாய்தோறும் பெரியாஸ்பத்திரியில சிகிச்சை. மகளுக்கு லீவு கிடையாதாம். நேத்து சாயங்காலம் வீட்டுக்கே போய்க் கேட்டுட்டேன். பஸ்ஸுல கூட ஒரு ஆள் வேணும்ல?"

நான் வீட்டில் உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அதே மாலையில் அவள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவைத் திறந்தவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த செவ்வாய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் ஊன்றுகோலோடு ஒரு பெண்மணி வந்தார், கையில் மருந்துச் சீட்டு. சொல் நாக்கின் நுனிவரை வந்தது. பதினொரு வருடத் துரு. "வணக்கம்" என்று ஆரம்பித்துத் திக்கினேன். சீட்டை வாங்கி எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினேன். பின்னால் வரிசை நீண்டது.

அந்த அம்மா ஊன்றுகோலை ஜன்னலில் சாய்த்துவிட்டு என் கைமேல் தன் கையை வைத்தார்.

"வேலைக்குப் புதுசா, வாத்தே? பதறாதே, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. இந்த ஊரு பழகுற வரைக்கும்தான்."

நான் பிறந்த வீடு அங்கிருந்து மூன்றாவது தெரு. "ஆமாம், புதுசுதான்" என்றேன்.