நுரையில்லாத வெள்ளை

காற்று பலமாக வீசும் நாட்களில் கால்வாயிலிருந்து நுரை எழும்பித் தெருவுக்குள் வரும். மேகம் குட்டி போட்டதுபோலப் பாலத்தைத் தாண்டி, சைக்கிள் சீட்டுகளில் உட்கார்ந்து, ரொட்டிக்கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் மெல்லச் சரியும். பார்க்க அழகுதான். கிட்டே போய் மோந்தால் குமட்டும்.

கால்வாயைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடுங்கள் என்று நகராட்சியில் கேட்டவர் ரொட்டிக்கடைக்காரர். கூடாது என்று நின்றவள் சலவைக்கடை அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள், குரல் அப்படி.

"பக்கத்துத் தெருவுல போன வருஷம் மூடினாங்களே, என்ன ஆச்சு? கரையில இருந்த மரமெல்லாம் போச்சு. வெயில்ல நிக்க முடியல. மழை வந்தா தண்ணி போக வழியில்லாம வீட்டுக்குள்ள கட்டில் மிதக்குது. காய்ச்சல்னா மருந்து குடுப்பாங்களா, ஆளையே பெட்டியில வச்சு மூடுவாங்களா?"

பாலத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட நகராட்சிப் பொறியாளரம்மா, "நுரை நின்னா மூட மாட்டோம். நிக்கலைன்னா அடுத்த மாசம் பலகையோட லாரி வரும்," என்றார்.

குற்றவாளி யார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. மேலே, ஊர் முனையில் இருக்கும் பெயிண்ட் கம்பெனிதான். கையும் களவுமாகப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலை தெருவையே திரட்டிக்கொண்டு, கரையோரமாக நீரோட்டத்துக்கு எதிராக நடந்தாள். பின்னால் அவள் கணவர், கடையில் இஸ்திரி போடும் தங்கச்சி, வேடிக்கை பார்க்க ரொட்டிக்கடைக்காரர்.

வழியெல்லாம் நுரை. கொஞ்ச தூரத்தில் சட்டென்று நுரை காணாமல் போனது. தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாண்டி வந்த சுவரின் அடியில் ஒரு குழாய் வெள்ளைவெளேரென்று கக்கிக்கொண்டிருந்தது. அது சலவைக்கடையின் பின்சுவர்.

"பெயிண்ட் கம்பெனி இவ்வளவு பக்கத்துலயா இருக்கு?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அக்கா விறுவிறுவென்று கடைக்குத் திரும்பினாள்.

கடையின் பெருமையே வாசலைப் பார்த்து நிற்கும் பெரிய மெஷின்தான். அதன் வட்டக் கண்ணாடி முழுக்க நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கும் என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். அதனால் கடை திறந்த நாள்முதல் ஒரு வழக்கம். துணிக்கு ஒரு குவளை சோப்புத்தூள், கண்ணாடிக்கு ஒரு குவளை.

"கண்ணாடிக்குப் போடுறத நிறுத்திடலாம்க்கா," என்றாள் தங்கச்சி.

"நிறுத்தினா நாம கடையத்தான் நிறுத்தணும். மெயின் ரோட்டுச் சலவைக்கடைக்காரன் மெஷின்ல பால் பொங்குற மாதிரி பொங்குது. எல்லாரும் அங்க போயிடுவாங்கடி."

பின்ஜன்னலுக்கு வெளியே ஒரு மீன்கொத்தி நுரைக்குமேல் வட்டமடித்தது. கொத்த இடம் தெரியாமல் திரும்பிப் பறந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் நம்ம கடைய விட்டுட்டுப் போகுது பாரு," என்றாள்.

மறுநாள் பிளம்பர் வந்து தரையை உடைத்து, கழிவுத் தண்ணீரைத் தெருவின் சாக்கடைக் குழாயோடு சேர்த்தார். "இவ்வளவு நுரைய இந்தக் குழாய் தாங்காதுக்கா," என்று எச்சரித்தார். அக்கா காதில் வாங்கவில்லை. அன்று மதியமே ரொட்டிக்கடைக்காரர் துண்டோடும் உடம்பெல்லாம் நுரையோடும் தெருவில் நின்றார்.

"அக்கா! குளிக்கப் போனா குளியலறை என்னைக் குளிப்பாட்டுது!"

அதோடு இரண்டாவது குவளை பரணுக்குப் போனது.

கண்ணாடியில் இப்போது வெறும் சாம்பல்நிறத் தண்ணீர் சுழன்றது. "என்னக்கா, சும்மா தண்ணியில அலசித் தர்றீங்களா?" என்று பஸ் கண்டக்டர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். தங்கச்சியின் மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது.

"பழையபடி ரெண்டு குவளை போட்டு, கால்வாய்க்கே திருப்பி விட்டுடலாமா?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

"லாரி வரட்டும்னு சொல்றீங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டே கடையைக் கடந்தார். பளபளவென்று வெள்ளைச் சட்டை, மெயின் ரோட்டு வெளுப்பு. அக்காவின் பார்வை அந்தக் கழுத்தில் நின்றது.

"சட்டையக் கழட்டுங்க."

"நடுத்தெருவுலயா?"

"உள்ள பனியன் இருக்குல்ல? கழட்டுங்க!"

இரண்டு வாளிகளில் நல்ல தண்ணீர் பிடித்தாள். ஒன்றில் தன் கடையில் வெளுத்த படுக்கை விரிப்பை முக்கிக் கலக்கினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மற்றதில் கண்டக்டரின் சட்டையை முக்கிக் கலக்கினாள். நுரை பொங்கி வாளியின் விளிம்பைத் தாண்டியது.

"துவைச்ச சட்டைதான? சோப்பையும் சேத்துப் போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

"அப்போ... என் கழுத்து அரிப்பு?"

"டிக்கெட் கிழிக்கறப்போ வேர்க்கும்ல? அப்பல்லாம் கழுத்துலயே சலவை நடக்குது."

தெரு வெடித்துச் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரர் வேட்டிமேல் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து நீட்டினார். "இதையும் முக்குங்க." அதற்குப் பிறகு வாளி கடை வாசலைவிட்டு நகரவில்லை. வருகிறவர்கள் தாங்களே முக்கிப் பார்த்துவிட்டுத் துணியைக் கொடுத்தார்கள். இஸ்திரிப் பெட்டி ஆறுவதற்கு நேரமில்லாமல் போனது. மெயின் ரோட்டுக்காரரும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தார். "எவ்வளவு போடறீங்க?" என்று கேட்டார். அக்கா ஒரே ஒரு குவளையை எடுத்துக் காட்டினாள்.

லாரி வந்த நாளில் காற்று பேயாக வீசியது. பொறியாளரம்மா பாலத்தில் நின்று கீழே பார்த்தார். தெருவே பாலத்தின் இரண்டு பக்கமும் கூடி நின்றது. எங்கிருந்தோ வெள்ளையாக ஒன்று மிதந்து வந்து அக்காவின் தோளில் உட்கார்ந்தது. அவள் தலையைத் திருப்பாமலே தங்கச்சியைக் கண்ணால் கூப்பிட்டாள். தங்கச்சி இரண்டு விரலால் அதை எடுத்துப் பார்த்தாள்.

"பஞ்சுக்கா! கரை மரத்துப் பஞ்சு!"

பொறியாளரம்மா சிரித்தபடி லாரி டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "திருப்புங்க."

குறுகலான தெருவில் லாரி திரும்பவா முடியும்? பலகைகளோடு பின்னால்தான் போகவேண்டியிருந்தது. மாவுக் கையோடு ரொட்டிக்கடைக்காரரே ஓடிப்போய் வழிகாட்டினார். "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வாங்க... போகட்டும்!" ஒவ்வொரு 'போகட்டும்' சத்தத்துக்கும் மாடிகளிலிருந்து கைதட்டல் விழுந்தது.

லாரி மறைந்ததும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் பெயிண்ட் கம்பெனி வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துடலாமா?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"வாங்க. இப்ப நம்ம குழாய் சுத்தம். கேள்வி கேக்கலாம்."

நீரோட்டத்துக்கு எதிராகத் தெரு மறுபடி நடக்கத் தொடங்கியது.